விற்கும் முன் எட்டு வாரம்



தோட்டத்து லயங்களுக்கும் நாய்களுக்கும் உள்ள உறவு நெடுநாளையது. இரவில் அந்நியர் வந்தால் குரைப்பதும், மரவள்ளிக் கொல்லைக்குள் நுழையும் காட்டுப்பன்றியை விரட்டுவதும் அவற்றின் வேலை. அந்த நாய்களை யாரும் 'வளர்த்தார்கள்' என்று சொல்ல முடியாது. பிள்ளைகளின் காலடியில் கிடந்து, நாலு வீட்டுச் சோற்றைத் தின்று, தாமாகவே வளர்ந்தன. மனிதரோடு பழக அவற்றுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. இதைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்த இடத்துக்குத் திரும்பி வருவோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறு வகை நாய். நீண்டு தொங்கும் காதும் பட்டுப் போன்ற மயிரும் கொண்ட ஸ்பேனியல். நம் மக்கள் பொதுவாகச் 'சடைநாய்' என்று சொல்லிவிடுவார்கள். அதிலும் காக்கர் ஸ்பேனியல் என்பது, புதரில் பதுங்கும் பறவைகளைக் கிளப்பிவிடுவதற்காக இங்கிலாந்து வேட்டைக்காரர்கள் வளர்த்த இனம். உட்காக் என்னும் பறவையின் பெயரிலிருந்துதான் அதற்குக் காக்கர் என்ற பெயர் வந்தது. முன்பெல்லாம் இத்தகைய நாயைத் துரை பங்களாவில்தான் பார்க்கலாம். பங்களாக்காரர் மாற்றலாகிப் போகும்போது சமையற்காரரிடமோ டிரைவரிடமோ விட்டுச் செல்வதும் உண்டு. இப்போது பட்டணத்தில் வேலை செய்யும் மகனோ மகளோ, அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் தோட்டத்திலுள்ள பெற்றோரிடம் கொண்டுவந்து விடுகிறார்கள். அது பெட்டையாக இருந்தால் ஒருநாள் குட்டி போடுகிறது. நாலோ, ஐந்தோ, சில வேளை ஆறோ. செய்தி பரவியதும் குட்டி கேட்டு ஆள் வருகிறது.

நாங்கள் அறிந்த ஒரு குடும்பத்திலும் இப்படித்தான் நடந்தது. தகப்பனார் செம்பனை குலை வெட்டுபவர். தாயார் வீட்டில். மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி. சடைநாய் ஐந்து குட்டிகள் போட்டது. பிள்ளைகள் தொட்டால் குட்டி மெலிந்துபோகும் என்று பாட்டி சொல்ல, வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகையில் குட்டிகளை வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். குறை ஒன்றும் வைக்கவில்லை. வேளைக்கு வேளை சாப்பாடு போனது. கொட்டகையைத் தினமும் கழுவினார்கள். குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. பதினோராவது வாரத்தில் நல்ல விலைக்கு ஐந்தும் விற்றுவிட்டன. அந்தப் பணம் பெரிய பிள்ளையின் படிப்புச் செலவுக்குப் போயிற்று.

பத்து நாளுக்குள் இரண்டு குட்டிகள் திரும்பி வந்தன. ஒன்று, ஆண்பிள்ளை யார் எதிரே வந்தாலும் நடுங்கிச் சிறுநீர் கழித்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருவதில்லை. மற்றொன்று, கொஞ்சப் போன ஐந்து வயதுக் குழந்தையின் கன்னத்தைக் கடித்துவிட்டது. வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் தவறில்லை. பணமோ செலவாகிப் போயிருந்தது. "சோறு போட்டதில் குறை வைத்தோமா, மருந்து கொடுத்ததில் குறை வைத்தோமா?" என்று அந்தத் தாயார் எங்களிடம் கேட்டார். இரண்டிலும் குறையில்லை. சாத்தி வைத்த அந்தக் கதவில்தான் குறை.

இதை நாமாக ஊகித்துச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி செய்த மூவர் 1961இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சோதனைக்கு எடுத்துக்கொண்ட குட்டிகளில் பெரும்பகுதி காக்கர் ஸ்பேனியல். மற்றவை பீகிள் இனம். உயரமான பலகை வேலி அடைத்த திறந்தவெளியில் குட்டிகளைத் தாயோடு விட்டு, மனிதர் கண்ணிலேயே படாமல், வேலியில் இருந்த துவாரம் வழியாக உணவு கொடுத்தார்கள். சில குட்டிகளை 2ஆவது வாரத்தில், சிலவற்றை 3ஆவது, 5ஆவது, 7ஆவது, 9ஆவது வாரங்களில் ஒரு வார காலத்துக்கு மட்டும் உள்ளே எடுத்துவந்து தினமும் விளையாட்டுக் காட்டிவிட்டுத் திரும்ப விட்டார்கள். சில குட்டிகளை எடுக்கவே இல்லை. 14ஆவது வாரத்தில் எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஒருபோதும் மனிதர் கை படாத குட்டிகள் காட்டு விலங்கு போல இருந்தன. அதற்குப் பிறகு அவற்றைப் பழக்குவது மிகக் கடினமாயிற்று. இடையில் ஒரே ஒரு வாரம் பழகிய குட்டிகளோ மனிதரிடம் வந்தன. உள்ளே எடுத்த வயதைப் பொறுத்து அதிலும் வேறுபாடு தெரிந்தது. இதன் பின் 1965இல் அதே ஆய்வுக்கூடத்தின் ஸ்காட், புல்லர் என்ற இருவர் பல ஆண்டு ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட்டு, இந்தப் பருவத்தை மேலும் விளக்கினார்கள். ஏறக்குறைய 3ஆவது வாரத்தில் தொடங்கி 12ஆவது வாரம் வரை, நாய்க்குட்டியின் மனம் திறந்திருக்கிறது. அப்போது கண்டது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் அதற்கு உறவு. அப்போது காணாதது பின்னால் பகை.

லயத்து நாய்கள் தாமாகப் பழகிக்கொண்டதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அந்த வாரங்களில் அவை பிள்ளைகளின் மடியில் கிடந்தன. கொட்டகையில் வளர்ந்த உயர்சாதிக் குட்டிக்கு அது கிடைக்கவில்லை. அந்த 3ஆவது வாரத்துக்கும் 8ஆவது வாரத்துக்கும் நடுவே குட்டி இருப்பது வாங்குபவர் வீட்டில் அல்ல, நம் வீட்டில்.

இனி, வாரம் வாரமாக வருவோம்.

முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் தாயின் பொறுப்பு. பிறந்த குட்டிக்குக் கண்ணும் திறந்திராது, காதும் கேளாது. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் தெரியாது. நம் நாடு வெப்ப நாடுதானே என்று சிமெண்டுத் தரையில் விட்டுவிடக் கூடாது. மழை பெய்த இரவில் தரை சில்லென்று ஆகிவிடும். வீட்டின் ஒரு மூலையில், காற்று நேரே அடிக்காத இடத்தில், பலகைப் பெட்டியோ பெரிய அட்டைப்பெட்டியோ வையுங்கள். அடியில் செய்தித்தாள், மேலே பழைய கைலித்துணி. கோணிச்சாக்கு வேண்டாம், அதன் நூல் பிரிந்து குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும். தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதி வையுங்கள். எடை ஒருநாள் ஏறவில்லை என்றால் பாலூட்டும்போது அந்தக் குட்டியை முன்னால் வைக்க வேண்டும். மறுநாளும் ஏறவில்லை என்றால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். இந்த நிறுக்கும் வேலையே முதல் பழக்கமும் ஆகிறது: 3ஆவது நாளிலிருந்து தினம் ஓரிரு நிமிடம் மனிதக் கையின் சூடும் வாசனையும் குட்டிக்குக் கிடைக்கிறது. தாய்நாய் உறுமினால் கட்டாயப்படுத்தாதீர்கள். அதற்கு மிகப் பழக்கமான ஒருவரே கையில் எடுக்கட்டும்.

10ஆவது நாளுக்கும் 14ஆவது நாளுக்கும் இடையே கண் திறக்கும். 3ஆவது வாரத்தில் காது கேட்கத் தொடங்கும், பல் எட்டிப் பார்க்கும், தள்ளாடி நடக்கும். அன்றைக்குப் பெட்டியை வீட்டின் நடுக்கூடத்துக்கு மாற்றிவிடுங்கள். நம் லயத்து வீடு சின்னது, சத்தம் நிறைந்தது என்று நாம் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. குட்டிக்கு அதுதான் பள்ளிக்கூடம். பிரஷர் குக்கர் விசில் அடிக்கிறது; தம்பி மோட்டார் சைக்கிளை முடுக்குகிறான்; தகரக் கூரையில் மழை கொட்டுகிறது; இதோ, வானொலி பேசிக்கொண்டிருக்கிறது. தூங்கும் குட்டி ஒருமுறை தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினால் பாடம் முடிந்தது என்று அர்த்தம். நடுங்கி மூலைக்கு ஓடினால் சத்தத்தைக் குறைத்து, தூரத்திலிருந்து பழக்குங்கள். தீபாவளிப் பட்டாசையோ கோயில் உறுமி மேளத்தையோ பக்கத்தில் வைத்துப் பழக்கலாம் என்று நினைப்பது மடமை. பயத்தையும் அந்த வாரங்களில் குட்டி ஆழமாகக் கற்றுக்கொள்ளும்.

4ஆவது வாரத்திலிருந்து மனிதர்கள். வீட்டு மனிதர்கள் மட்டும் போதாது. தடி ஊன்றிய தாத்தா, தலைக்கவசம் போட்டவர், வேலைக்காட்டுத் தொப்பியும் கால் பூட்ஸுமாக வரும் பெண்கள், தாடிக்காரர், கண்ணாடி போட்டவர், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் என்று விதவிதமாகப் பார்க்கட்டும். வருபவர் தரையில் உட்கார வேண்டும். குட்டி தானே நடந்து அவரிடம் போக வேண்டும். அவர் பாய்ந்து தூக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு விதி சொல்லி வையுங்கள்: உட்கார்ந்துதான் தொட வேண்டும், நின்றுகொண்டு தூக்கக் கூடாது. குட்டி தூங்கும்போதும் தின்னும்போதும் கிட்டே போகக் கூடாது. களைக்கொல்லி அடித்துவிட்டு வந்தவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகே குட்டியைத் தொட வேண்டும். நம் குழந்தைகளுக்கும் இதே விதிதான். எத்தனை வீட்டில் கடைப்பிடிக்கிறோம் என்பது வேறு கதை.

5ஆவது வாரத்திலிருந்து தினம் ஒருமுறை ஒவ்வொரு குட்டியையும் தனியே எடுத்துச் சென்று ஐந்து நிமிடம் விளையாடுங்கள். பலர் செய்யாத காரியம் இது. ஐந்து குட்டிகளும் சேர்ந்திருக்கும்போது தைரியமாகத் தெரியும். தனியே எடுத்தால்தான் எது பயந்தது, எது முரண்டு பிடிக்கிறது என்று தெரியும். புது வீட்டில் அது முதல் இரவைத் தனியாகத்தானே கழிக்கப் போகிறது! கழுத்துப்பட்டையையும் இப்போதே சில நிமிடம் கட்டிப் பழக்கலாம். சங்கிலியில் கட்டிப் போடுவது வேண்டாம்.

ஸ்பேனியலுக்கு என்றே உரிய ஒரு வேலை உண்டு. அது காது. மடிந்து தொங்கும் காதுக்குள் காற்றுப் புகாது. நம் நாட்டுப் புழுக்கத்தில் அங்கே அழுக்குச் சேர்ந்து சீழ் பிடிக்கும். வளர்ந்த பிறகு காதைத் தொட்டால் கடிக்கும் சடைநாய்கள் பலவற்றுக்குக் காரணம், வலி வந்த பிறகுதான் முதன்முதலில் யாரோ அதன் காதைப் புரட்டினார்கள் என்பதே. ஆகவே 4ஆவது வாரத்திலிருந்து தினமும் காதை மெல்லத் தூக்கிப் பாருங்கள். பஞ்சால் வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். உள்ளே எதையும் விடாதீர்கள். பாதத்தைப் பிடித்து விரல்களைப் பிரித்துப் பாருங்கள். வாயைத் திறந்து பாருங்கள். மென்மையான சீப்பால் வாருங்கள். உண்ணி இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். சாப்பாட்டுத் தட்டு அகலமாக இருந்தால் காது குழம்பில் தோயும். வாய் குறுகிய ஆழமான கிண்ணமே நல்லது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். 4ஆவது வாரத்திலிருந்து குழைந்த சோற்றுடன் வேகவைத்து முள்ளும் எலும்பும் நீக்கிய மீனோ கோழியோ பிசைந்து, நாளுக்கு நாலு வேளை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வசதியுள்ளவர்கள் குட்டிகளுக்கென்று விற்கும் உணவை ஊறவைத்துக் கொடுப்பது இன்னும் நல்லது. டின் பாலைக் கரைத்து ஊற்றும் பழக்கம் நம்மிடையே உண்டு; அதை நிறுத்துங்கள். வயிற்றுப்போக்கு வந்து குட்டி இரண்டே நாளில் துவண்டுவிடும். மிஞ்சிய கறிக்குழம்பும் ஆகாது. காரத்தைவிட அதிலுள்ள வெங்காயம்தான் நாய்க்கு நஞ்சு. சாக்லேட்டும் அப்படியே. செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் மருந்துக் கட்டிகளை நினைவில் வையுங்கள். குட்டி வாயால்தான் உலகத்தைப் படிக்கிறது. வேலியில்லாமல் வெளியே விடாதீர்கள்.

பூச்சி மருந்தைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்; இது நம் பிள்ளைகளையும் பொறுத்தது. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும். பாலின் வழியாகவும் வரும். அதன் முட்டை மனிதக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் புழு உடம்புக்குள் அலைந்து, அரிதாகக் கண்ணையும் கெடுக்கக்கூடும். 2ஆவது வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை, எடைக்கேற்ற அளவில், வைத்தியர் சொல்லும் மருந்தைக் குட்டிக்கும் தாய்க்கும் கொடுங்கள். கழிவைத் தினமும் அள்ளிப் புதையுங்கள். புதிதாக விழுந்த கழிவிலுள்ள முட்டை உடனே தொற்றாது. அது முதிரச் சில வாரம் ஆகும். ஆகையால் அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் ஆபத்து பெருமளவு நீங்குகிறது. பிள்ளைகள் விளையாடி முடித்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவட்டும்.

"ஊசி போடுமுன் வெளியாரைக் கிட்டே விடலாமா, நோய் வராதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 1978இல் உலகுக்குத் தெரியவந்த பார்வோ என்னும் நோய் குட்டிகளை இரத்தப்போக்கில் கொன்றுவிடும். அதன் கிருமி மண்ணில் நெடுங்காலம் தங்கும், செருப்பில் ஒட்டி வரும். எனவே மனிதர் வரலாம். செருப்பு வாசலோடு நிற்க வேண்டும், கை கழுவ வேண்டும். நம் வீடுகளில் செருப்பைக் கழற்றுவது வழக்கம்தானே. குட்டியை வெளியே காட்ட வேண்டுமானால் கூடையில் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள்; பிற நாய்கள் திரியும் தரையில் விடாதீர்கள். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்துக்குள். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. ஊசிக்குப் பயந்து குட்டியைப் பூட்டி வைப்பதும், பழக்கத்துக்காக ஊசியை மறப்பதும் ஒரே அளவு கேடுதான். வெறிநாய்க்கடி நோய் நம் நாட்டில் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் தலைகாட்டியது. அதற்கான ஊசி பின்னால் போடப்படுவது. உங்கள் பகுதியில் கட்டாயமா என்று கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். குட்டி விற்க உரிமம் வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வந்தபின் இவ்விஷயங்கள் கண்டிப்பாகியிருக்கின்றன.

அண்டை அயலாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டில் முஸ்லிம் குடும்பம் இருக்கலாம். நாயின் எச்சில் பட்டால் சமய முறைப்படி மண் கலந்த நீரோடு சேர்த்து ஏழு முறை கழுவ வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. குட்டி வேலி தாண்டி ஓடி அவர்கள் காலை நக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. நாயைப் பிடிக்காதவர் எந்த இனத்திலும் உண்டு. ஆள் மேல் தாவாமல், நாலு காலும் தரையில் இருந்தால்தான் தடவுவோம் என்று குட்டிக்கு இப்போதே காட்டிவிட்டால் எங்கு போனாலும் அதற்கு நல்ல பெயர்.

எப்போது விற்பது? 5ஆவது வாரத்திலேயே பணத்தோடு வந்து நிற்பார்கள். கொடுக்காதீர்கள். பல்லின் பலத்தைக் குட்டி அந்த வாரங்களில்தான் உடன்பிறப்புகளிடம் கற்கிறது. ஓங்கிக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாயும் அதட்டும். இந்தப் பாடம் இல்லாமல் போன குட்டி மனிதக் கையையும் அப்படியே கடிக்கும். 8 வாரம் முடியட்டும். அதற்காக 12 வாரம் வரை வைத்துக்கொள்வதும் சரியல்ல. புது வீட்டில் பழகும் காலம் கரைந்துவிடும். வாங்க வருபவரிடம் நாமும் கேள்வி கேட்கலாம். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? சின்னக் குழந்தை உண்டா? சங்கிலியிலா, வீட்டுக்குள்ளா? "காவலுக்குக் கட்டிப் போட" என்று பதில் வந்தால் இந்த இனம் அதற்கு ஆகாது என்று சொல்லி அனுப்புங்கள். சான்றிதழ் இல்லாத குட்டியைத் தூய இனம் என்று சொல்லாதீர்கள். கொடுக்கும்போது, பூச்சி மருந்தும் ஊசியும் போட்ட தேதிகள் எழுதிய அட்டை, ஒரு வாரத்துக்கான அதே சாப்பாடு, தாயின் வாசனை உள்ள கைலித்துண்டு ஒன்று ஆகிய மூன்றும் கூடப் போகட்டும். முடியாமற்போனால் எங்களிடமே கொண்டுவாருங்கள், தெருவில் விடாதீர்கள் என்றும் சொல்லி அனுப்புங்கள்.

இதில் பெரும் பணம் வரும் என்று யாரும் எண்ண வேண்டாம். மருந்து, ஊசி, உணவுக் கணக்கைக் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். ஒவ்வொரு பருவத்துக்கும் தாய்நாயைக் குட்டி போட வைத்தால் அந்தச் சொற்பமும் வைத்தியச் செலவில் போய்விடும். அதன் உடம்பும் கெடும். இனிக் குட்டி வேண்டாம் என்பவர்கள் கருத்தடை செய்துவிடலாம்.

முதலில் சொன்ன குடும்பத்துக்குத் திரும்புவோம். திரும்பி வந்த இரண்டில் கடித்த குட்டி பட்டணத்தில் பிள்ளைகள் இல்லாத ஒரு தம்பதியிடம் போனது. பயந்த குட்டியைப் பாட்டியே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு மாலையும் வெளிவாசலில் உட்கார்ந்து, பெரட்டு முடிந்து வருகிறவர்களைப் பார்க்க வைத்து, பக்கத்தில் வருபவரிடம் ஒரு துண்டு பிஸ்கட்டைக் கொடுத்து, தரையில் போடச் சொல்வார். ஆறு மாதம் ஆயிற்று, அது ஒரு ஆண்பிள்ளையின் கையிலிருந்து வாங்கித் தின்ன. இன்றும் தலைக்கவசம் போட்டவரைக் கண்டால் பாட்டியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது. அடுத்த முறை அந்தச் சடைநாய் குட்டி போட்டபோது, பெட்டியை நடுக்கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே வைத்தவரும் அவர்தான்.